ராமநாதபுரம் கடலில் கயாக் விடப் புதிதாக வருவோருக்கு: ஏற்றுவது, கட்டுவது, துடுப்பு வலிப்பது

கயாக், அதாவது காலை நீட்டி உட்கார்ந்து துடுப்பு வலித்து ஓட்டும் சிறு படகு, வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி எந்தப் படகு நல்லது என்பதுதான். ராமநாதபுரம் கரையைப் பொறுத்தவரை அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம் என்பது என் கருத்து. இங்கே காரின் கூரை மேலும், மணலிலும், தண்ணீரிலும் உங்களோடு மல்லுக்கு நிற்கப் போவது ஒரே காற்றுதான். படகு சுமாராக இருந்தாலும் அதைக் கட்டிய வாரும், கையில் பிடித்த துடுப்பும், உடம்பில் போட்ட மிதவை உடுப்பும் சரியாக இருந்தால் மாலையில் வீடு திரும்பலாம். ஆகவே இந்தக் கட்டுரை படகைப் பற்றி அதிகம் பேசாது. படகோடு சேர்ந்து வர வேண்டிய பொருள்களைப் பற்றியும், அவற்றை எந்த வரிசையில் வாங்கி எப்படிப் பயன்படுத்துவது என்பதைப் பற்றியும்தான் பேசும்.

அதற்கும் முன்னால் ஒன்று செய்யுங்கள். எதையும் வாங்காமல் ஓரிரு முறை வாடகைப் படகில் ஏறிப் பாருங்கள். உச்சிப்புளிக்குப் பக்கத்தில் பிரப்பன்வலசைக் கடற்கரையில் பயிற்சியாளர் உடன் வர கயாக் விடலாம். தொண்டிக்குத் தெற்கே காரங்காட்டில் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து நடத்தும் சூழல் சுற்றுலாவில் அலையாத்திக் காட்டுக்குள் போய் வரலாம். முதுகு எங்கே வலிக்கிறது, கை எங்கே கொப்புளிக்கிறது, தண்ணீரில் விழுந்தால் மனம் என்ன செய்கிறது என்பதெல்லாம் அந்த இரண்டு மணி நேரத்தில் தெரிந்துவிடும். என்ன வாங்க வேண்டும் என்பதில் பாதி அங்கேயே தீர்மானமாகிவிடும்.

காற்றின் கணக்கு

ராமேசுவரம் தீவும் மண்டபத்தை நோக்கி நீளும் நிலமும் இந்தக் கடலை இரண்டாகப் பிரிக்கின்றன. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. இங்குள்ளவர்கள் வடகடல், தென்கடல் என்பார்கள். அமைதியாகக் கிடப்பதைப் பெண்கடல் என்றும் சீறுவதை ஆண்கடல் என்றும் சொல்வதும் உண்டு. தென்மேற்குப் பருவத்தில், அதாவது மே மாதக் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை, கச்சான் காற்று அடிக்கும்போது தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் தட்டில் ஊற்றிய தண்ணீர் போலக் கிடக்கும். அக்டோபருக்குப் பிறகு வாடை எழும்பினால் நிலைமை தலைகீழாகிவிடும்.

புதியவர்கள் ஏமாறுவது இங்கேதான். கச்சான் காலத்தில் பிரப்பன்வலசையிலோ அரியமானிலோ கரையில் நின்று பார்த்தால் அலையே இல்லை. ஆனால் காற்று உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து, நிலத்திலிருந்து கடலை நோக்கி அடித்துக்கொண்டிருக்கிறது. கரைக்கு அருகில் காற்று அலையை எழுப்ப இடமில்லாததால்தான் தண்ணீர் அமைதியாகத் தெரிகிறது. நூறு மீட்டர், இருநூறு மீட்டர் தாண்டியதும் படகு தானாகவே ஓடத் தொடங்கும். நாம் நன்றாகத் துடுப்பு வலிக்கிறோம் என்று நமக்குப் பெருமையாக இருக்கும். திரும்பும்போதுதான் கணக்குப் புரியும். புதியவர் ஒருவர் காற்றில்லாத தண்ணீரில் மணிக்கு 4 அல்லது 5 கிலோமீட்டர் போவதே பெரிது. எதிர்காற்றில் அது பாதியாகும், அல்லது ஒன்றுமில்லாமலும் போகும். பெரிய பட்டம் இழுக்கப் பலகையில் நின்று சறுக்கும் கைட்சர்ஃபிங் விளையாட்டுக்காரர்கள் ராமேசுவரத்தைத் தேடி வருவதே இந்தக் காற்றுக்காகத்தான் என்பதை நினைவில் வையுங்கள். அவர்களுக்கு நல்ல நாள் நமக்கு ஓய்வு நாள்.

ஆகவே முதல் துணைப்பொருள் காசு கேட்காதது: கிளம்புவதற்கு முந்தைய இரவும் அன்று காலையும் காற்றின் வேகத்தையும் திசையையும் பார்க்கும் பழக்கம். இந்திய வானிலை ஆய்வு மையமும், ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் எனப்படும் கடல் தகவல் மையமும் மீனவர்களுக்கான எச்சரிக்கையைத் தினமும் வெளியிடுகின்றன. நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கும் காற்று மணிக்கு 15 கிலோமீட்டரைத் தாண்டும் என்றால் புதியவர் இறங்கக் கூடாது என்பது நான் எனக்கு வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியிருந்தால் யோசிக்கவே வேண்டாம். மற்ற நாட்களிலும் விடிந்ததும் இறங்கி, வெயில் ஏறிக் காற்று வலுப்பதற்குள், பத்து மணிக்கு முன்னால், கரை சேருவது நல்லது.

முதலில் வாங்க வேண்டியவை இரண்டு

மிதவை உடுப்புதான் முதல் செலவு. நீந்தத் தெரியும் என்பது இதற்கு மாற்று ஆகாது, ஏனென்றால் கயாக்கிலிருந்து விழுகிறவர் பெரும்பாலும் களைத்த பிறகுதான் விழுகிறார். 50 நியூட்டன் மிதப்பு என்று குறித்திருப்பதை வாங்குங்கள். அது ஏறத்தாழ 5 கிலோவைத் தூக்கி நிறுத்தும், பெரியவர் ஒருவரின் தலையைத் தண்ணீருக்கு மேலே வைக்க அது போதும். சுற்றுலாப் படகுகளில் தருகிற கனத்த ஆரஞ்சு நிற உடுப்பு கழுத்தை இடிக்கும், தோளைத் திருப்ப விடாது. கயாக்குக்கென்று தைத்ததில் கை நுழையும் பகுதி அகலமாக வெட்டியிருப்பார்கள், முதுகுப் பஞ்சு உயரத்தில் இருக்கும். போட்டு, எல்லாப் பட்டைகளையும் இறுக்கி, வேறொருவரைத் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள். உடுப்பு காது வரை ஏறினால் அது உங்கள் அளவு இல்லை. ஒரு விசிலை அதன் மார்புப் பட்டையில் கட்டிவிடுங்கள். கடலில் தொண்டைச் சத்தம் ஐம்பது மீட்டர் போகாது, விசில் போகும்.

இரண்டாவது செலவு துடுப்பு. கயாக் துடுப்புக்கு இரு முனையிலும் இலை உண்டு, கேனோ என்ற, மேல்புறம் திறந்த படகின் துடுப்புக்கு ஒரு முனையில் மட்டும். தண்ணீரைத் தள்ளும் அகன்ற பகுதியைத்தான் இலை என்கிறேன். ஒரு மணி நேரத்தில் ஆயிரம் தடவைக்கு மேல் தூக்கி இறக்கப் போகிற பொருள் என்பதால், இருநூறு கிராம் எடை குறைந்தாலும் தோள் வாழ்த்தும். அலுமினியத் தண்டு மலிவு, ஆனால் வெயிலில் சுடும், உப்பில் இணைப்பு இறுகிப்போகும். கண்ணாடியிழைத் தண்டு கொஞ்சம் விலை கூடுதலானாலும் இந்தக் கரைக்கு அதுவே பொருத்தம். நீளத்தைப் படகின் அகலமும் உங்கள் உயரமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. 60 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒடுங்கிய கயாக்குக்கு நடுத்தர உயரமுள்ளவருக்கு 220 சென்டிமீட்டர் போதும். 75 சென்டிமீட்டரைத் தாண்டிய, மேலே உட்கார்ந்து ஓட்டும் அகலமான படகுக்கு 230 முதல் 240 வரை வேண்டும். குட்டையானதை வாங்கினால் ஒவ்வொரு வலிப்புக்கும் விரல்முட்டி படகின் விளிம்பில் தட்டித் தோல் உரியும். கேனோவுக்கு வேறு அளவு: நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, துடுப்பைத் தலைகீழாக்கிக் கைப்பிடியை இருக்கையில் ஊன்றினால், தண்டும் இலையும் சேருமிடம் உங்கள் மூக்குக்கு நேரே வர வேண்டும்.

காரின் கூரையில்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன், ஏனென்றால் நான் கேள்விப்பட்ட சேதங்களில் பெரும்பாலானவை கடலில் நடந்தவை அல்ல, சாலையில் நடந்தவை.

புதியவருக்கு ஏற்ற கயாக் 10 முதல் 12 அடி நீளமும் 20 முதல் 30 கிலோ எடையும் இருக்கும். நம் சிறிய கார்கள் நான்கு மீட்டருக்குள் இருப்பதால் இந்த நீளம் கூரைக்குப் பெரும்பாலும் அடங்கும். கூரை எவ்வளவு எடை தாங்கும் என்பது காரோடு தந்த கையேட்டில் இருக்கும். அந்த எண்ணில், படகைத் தாங்கக் கூரையில் பொருத்தும் குறுக்குக் கம்பிகளின் எடையும் சேரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். குறுக்குக் கம்பியே இல்லாமல், கூரை மேல் போர்வையை விரித்து, கதவு வழியாகக் கயிற்றை விட்டுக் கட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். பக்கத்து ஊர் வரைக்கும் அது ஓடும், மதுரையிலிருந்து வருவதற்கு அது உதவாது. கம்பிகள் இரண்டையும் கூரை அனுமதிக்கும் அளவுக்கு ஒன்றுக்கொன்று தள்ளிப் பொருத்துங்கள். இடைவெளி கூடக்கூடப் படகு பக்கவாட்டில் திரும்புவது குறையும்.

கம்பியின் மேல் நுரைத்திண்டு வைத்துப் படகைக் கவிழ்த்துப் படுக்க வைப்பது எளிய முறை. மேலே உட்கார்ந்து ஓட்டும் படகுக்கு இதுவே போதும், கேனோவை எப்போதும் கவிழ்த்துத்தான் ஏற்ற வேண்டும். ஆங்கில ஜே எழுத்தைப் போல வளைந்த தாங்கிகள் கிடைக்கின்றன. அவற்றில் படகு ஒருக்களித்து நிற்பதால் இரண்டு படகுகளுக்கு இடம் கிடைக்கும், ஆனால் பக்கக் காற்று பிடிக்கும் பரப்பும் கூடும். ஒரே படகு வைத்திருப்பவர் இந்தச் செலவைத் தவிர்க்கலாம்.

வார் வாங்கும்போது மூன்றைக் கவனியுங்கள். முதலாவது, நைலான் வேண்டாம், பாலியெஸ்டர் வாங்குங்கள். நைலான் ஈரத்தில் நீளும், நீண்ட வார் தளர்ந்த வார். இரண்டாவது, பல்சக்கரம் வைத்து இறுக்கும் ராட்செட் வார் வேண்டாம். லாரிச் சரக்குக்கு அது நல்லது. வெயிலில் இளகிக் கிடக்கும் பிளாஸ்டிக் படகில் அதை இரண்டு இழுப்பு கூடுதலாக இழுத்தால் அடிப்பாகம் குழிந்துவிடும். வாரைக் கையால் இழுத்து, பல் வைத்த நாக்கு அழுத்திப் பிடிக்கும் பக்கிள்தான் நமக்குத் தேவை, ஏனென்றால் கையால் இழுக்கும் பலத்துக்கு மேல் அதில் இறுக்க முடியாது. மூன்றாவது, பக்கிளின் உலோகம். இந்தக் கரையில் துத்தநாகம் பூசிய இரும்பு ஒரு பருவம்கூடத் தாங்காது. துருப்பிடிக்காத எஃகிலும் 316 என்று குறித்ததே கடலுக்கு உகந்தது. பக்கிளுக்கு அடியில் ரப்பர் மெத்தை தைத்த வார் கிடைத்தால் காரின் பெயின்ட் பிழைக்கும்.

கட்டும் முறை இது. ஒரு கம்பிக்கு ஒரு வார். வாரைப் படகின் மேலாக அந்தப் பக்கம் போட்டு, கம்பியின் அடியில் சுற்றி, மீண்டும் படகின் மேலாக இந்தப் பக்கம் கொண்டுவந்து, இந்தப் பக்கக் கம்பியின் அடியிலும் விட்டுப் பக்கிளில் நுழைத்து இழுங்கள். வார் இரு பக்கமும் கம்பியில் சுற்றும் இடம் படகின் விளிம்பை ஒட்டியே இருக்க வேண்டும். ஒரு சாண் தள்ளியிருந்தாலும் படகு அந்த இடைவெளிக்குள் ஆடும். இறுக்கியபின் படகைப் பிடித்து ஆட்டுங்கள்: படகு ஆடும்போது காரும் சேர்ந்து ஆட வேண்டும். மிச்ச வாரைக் கதவுக்குள் திணிக்காமல் சுற்றிக் கம்பியில் முடிந்துவிடுங்கள்.

இதோடு வேலை முடிந்தது என்று பலர் கிளம்பிவிடுகிறார்கள். முன்னும் பின்னும் ஒவ்வொரு கயிறு கட்டாமல் நெடுஞ்சாலையில் ஏறக் கூடாது. குறுக்குக் கம்பியே கழன்றாலும் படகைப் பிடித்துக்கொள்வது இந்த இரண்டும்தான். முன் கயிற்றை படகின் கைப்பிடியிலிருந்து, பம்பரில் சிறு மூடியைத் திறந்து திருகிப் பொருத்தும் இழுவைக் கொக்கிக்குக் கொண்டுபோகலாம். பின் கயிற்றுக்கும் அதே போல் ஓர் இடம் இருக்கும். லாரிக்காரர்கள் தார்ப்பாயை இழுத்துக் கட்டும் அந்தக் கண்ணிக் கட்டு, அதாவது கயிற்றின் நடுவில் ஒரு கண்ணியிட்டு, முனையைக் கொக்கியில் விட்டுத் திருப்பி அதே கண்ணி வழியாக இழுத்து இறுக்கும் கட்டு, இதற்கென்றே பிறந்தது. ஆனால் முன் கயிற்றை வில் நாண்போல இழுக்க வேண்டாம். தொய்வு இல்லாமல் இருந்தால் போதும். அதிகம் இழுத்தால் படகு முன்னால் வளைந்து, வாரைத் தளர்த்திவிடும்.

என் முதல் பயணத்தில் பரமக்குடி தாண்டியதும் கூரையில் ஏதோ உறுமத் தொடங்கியது. வேகம் கூடக்கூட அது பெரிதாகி, உள்ளே பேசுவதே கேட்காத அளவுக்கு வந்துவிட்டது. உச்சிப்புளி டீக்கடை ஓரமாக நிறுத்தி மேலே பார்த்துக்கொண்டிருந்தபோது, அங்கே லாரியை நிறுத்தியிருந்த வயதான ஓட்டுநர் ஒருவர் தேநீர்க் கிளாஸோடு வந்தார். வாரை விரலால் சுண்டிப் பார்த்தார். “தம்பி, வாரு பாடுனா தளந்துருச்சுன்னு இல்ல. காத்துக்குத் தட்டையா நிக்குது, அதான். நடுவுல ஒரு முறுக்குப் போடுங்க, வாய மூடிக்கும்” என்றார். பிறகு பின்பக்கம் போய்ப் பின் கயிற்றையும் சுண்டினார். அது தொட்டில் கயிறுபோலத் தொங்கியது. “இது பாடாது. ஆனா தளந்து கெடக்கு” என்று சொல்லிவிட்டுத் தேநீரைக் குடித்து முடித்தார். கம்பிக்கும் படகுக்கும் இடையில் தெரியும் வாரின் துண்டில் ஒரே ஒரு முறுக்கு விட்டால் காற்று அதை அதிர வைக்க முடியாது என்பதை அன்று கற்றேன். புத்தம்புது கயிறு முதல் அரை மணி நேரத்தில் தளரும் என்பதையும் அன்றே கற்றேன். ஆகவே கிளம்பிய 15 கிலோமீட்டரில் ஒரு முறையும், அதன் பின் தேநீருக்கு நிறுத்தும் இடத்தில் எல்லாம் ஒரு முறையும் கையால் தொட்டுப் பாருங்கள்.

ராமேசுவரம் போகிறவர்கள் மண்டபத்தில் கட்டாயம் நிறுத்திச் சரிபார்க்க வேண்டும். 1988-இல் திறந்த சாலைப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீளமானது, அதில் ஒரு கடலிலிருந்து மறு கடலுக்குப் பக்கக் காற்று தடையின்றிக் கடக்கிறது. அருகிலுள்ள 1914-ஆம் ஆண்டுப் பழைய ரயில் பாலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவைக்கும் ஏற்பாடு இருந்தது. ரயிலுக்கே அப்படி என்றால் கூரையில் கட்டிய பிளாஸ்டிக் படகின் நிலையை எண்ணிப் பாருங்கள். பாலத்தின் மேல் வேகத்தைக் குறைத்துப் போங்கள். வாரைச் சரிபார்க்கும் இடம் பாலத்தின் நடு அல்ல.

கார் இல்லாதவர்கள் குட்டியானை பேசிக்கொள்ளலாம். அதன் தட்டு ஏறத்தாழ 7 அடிதான் என்பதால் 12 அடிப் படகு வெளியே நீளும். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில், அனுமதித்த அளவுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் சரக்குக்கு 20,000 ரூபாய் அபராதம் உண்டு. சற்று நீண்ட தட்டுள்ள வண்டியாகப் பார்த்துப் பேசி, படகின் அடியில் பழைய டயரோ வைக்கோல் திணித்த சாக்கோ வைத்து, பின்முனையில் சிவப்புத் துணியும் கட்டுங்கள்.

மணலில்

வண்டி நிற்கும் இடத்திலிருந்து தண்ணீர் வரை படகைக் கொண்டுபோக இரண்டு சக்கரத் தள்ளுவண்டி விற்கிறார்கள். ஒடுங்கிய, கெட்டிச் சக்கரம் வைத்தது அரியமான் மணலில் கலப்பைபோல உழும். அகன்ற, காற்றுக் குறைவாக அடைத்த சக்கரமே மணலில் உருளும். இருவர் இருந்தால் முன்னும் பின்னும் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிப் போய்விடலாம், அந்தச் செலவும் மிச்சம். தனியாகப் படகை மணலில் இழுப்பது மட்டும் வேண்டாம். சிப்பித் துண்டுகள் அடிப்பாகத்தைச் சீவிவிடும்.

இறங்கும் முன் அடைப்பான்களைப் பாருங்கள். படகின் பின்முனையில் தண்ணீர் வடிய ஒரு திருகு மூடி இருக்கும். அதைக் கழற்றி வைத்துவிட்டு மறந்து இறங்குவது எல்லோருக்கும் ஒரு முறையாவது நடக்கும். அதே வகை மூடி ஒன்றைக் கூடுதலாகப் பையில் வைத்திருங்கள். காலியான படகைக் கரையில் விட்டு நகர்ந்தால் சவுக்கு மரத்திலோ வேறெதிலோ கட்டிவிட்டு நகருங்கள். கச்சான் வீச்சில் 25 கிலோப் படகு தாளைப் போலப் புரள்வதைப் பார்த்திருக்கிறேன்.

காலுக்குக் குதிகாலை மூடும் செருப்போ பழைய கான்வாஸ் சப்பாத்தோ வேண்டும். பாறைகளில் ஒட்டிய கொட்டலசு என்ற சிறு ஓட்டுயிரி கத்தியைப் போல வெட்டும். ஆழமில்லாத மணலில் திருக்கை படுத்திருக்கும் என்பதால் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்தபடி நடந்தால் அது விலகிப் போய்விடும். சொறி எனப்படும் ஜெல்லிமீன் மிதக்கும் நாட்களில் முழுக்கைச் சட்டையும் நீளக் கால்சட்டையும் தோலைக் காக்கும்.

தண்ணீரில்

துடுப்பைப் படகோடு இணைக்கும் சுருள் கயிறுதான் நான் இந்தப் பட்டியலில் முதலில் சொல்வது. ஒருமுறை நீர் குடிப்பதற்காகத் துடுப்பை மடியில் வைத்தேன். ஒரு சிறு அலை படகைச் சாய்த்தது, துடுப்பு நழுவியது, இரண்டு முழத் தூரத்தில் மிதந்தது, கையால் தண்ணீரைத் தள்ளிப் போய்ப் பிடிப்பதற்குள் காற்று என்னை ஒரு பக்கமும் அதை ஒரு பக்கமும் கொண்டுபோனது. உயரமாக நிற்கும் படகைத்தான் காற்று அதிகம் தள்ளும், தாழ்ந்து மிதக்கும் துடுப்பை அல்ல. அவ்வழியே வந்த வள்ளத்துக்காரர் துடுப்பை எடுத்துக் கொடுத்தார், கயிறு இல்லாததைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் தம் வள்ளத்திலிருந்து ஒரு முழம் நைலான் கயிற்றை அறுத்துப் போட்டுவிட்டுப் போனார். அகலப் படகில் பிரித்துச் சேர்க்கும் உபரித் துடுப்பு ஒன்றையும் மேல்தளத்தில் கட்டி வைக்கலாம்.

இந்தக் கயிறுகளுக்கு ஒரு நிபந்தனை உண்டு. துடுப்புக் கயிற்றின் மறுமுனை படகில்தான் இருக்க வேண்டும், உங்கள் உடம்பில் அல்ல. நீளமாகத் தொங்கும் எந்தக் கயிறும் படகு கவிழும்போது காலைச் சுற்றும். காரங்காட்டைப் போன்ற அலையாத்தி ஓடைகளில், வேர்களுக்கு நடுவில், சுருள் கயிற்றையும் கழற்றிவிடுவதே நல்லது. அங்கே காற்றும் குறைவு, கயிறு சிக்கும் வாய்ப்போ அதிகம். மிதவை உடுப்பில் மழுங்கிய முனையுள்ள சிறு கத்தி ஒன்றைச் செருகிவைப்பது கயிறுகளுக்காகவும், அறுந்து மிதக்கும் வலைகளுக்காகவும்தான்.

கவிழ்ந்தால் என்ன செய்வது என்பதைப் பொறுத்து மற்றவை மாறும். மேலே உட்கார்ந்து ஓட்டும் படகில் தண்ணீர் ஓட்டைகள் வழியே தானே வடிந்துவிடும். படகைத் திருப்பிப்போட்டு, வயிற்றை மேலே ஏற்றி, புரண்டு உட்கார்ந்தால் முடிந்தது. உள்ளே உட்கார்ந்து ஓட்டும் படகு தண்ணீரை நிரப்பிக்கொள்ளும். அதற்குக் கை பம்பும், துடுப்பின் ஒரு இலையில் மாட்டி ஏறுவதற்கு ஊன்றிக்கொள்ளும் காற்றுப் பையும், படகின் இரு முனைகளிலும் அடைக்கும் மிதவைப் பைகளும் கட்டாயம். இந்தச் செலவையும் பயிற்சியையும் கணக்கிட்டுத்தான் புதியவர்கள் முதல் வகையை எடுப்பது நல்லது என்கிறேன். எதுவானாலும் முதல் நாள் இடுப்பளவுத் தண்ணீரில் பத்து முறை வேண்டுமென்றே கவிழ்ந்து பத்து முறை ஏறுங்கள். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

இருவராகப் போகும்போது 15 மீட்டர் மிதக்கும் இழுவைக் கயிறு ஒன்று, ஒரு இழுப்பில் கழலும் பட்டையோடு, ஒருவரிடம் இருக்க வேண்டும். களைத்தவரைக் கரைக்கு இழுத்துவர அதைவிட நல்ல வழி இல்லை. ஒன்றரைக் கிலோ மடக்கு நங்கூரம் காற்று தள்ளும்போது மூச்சு வாங்க நேரம் தரும், பாக் விரிகுடாவின் ஆழமின்மை அதற்கு உதவும். ஆனால் கடற்புல் மேலும் பவளத்தின் மேலும் அதைப் போட வேண்டாம். நீர்புகாப் பையில் கைப்பேசி, ஆதார் அட்டை, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், உப்புக் கரைசல் பொட்டலம். பைக்குள் வைத்த கைப்பேசி அவசரத்தில் கைக்கு எட்டாது என்பதால், அதைத் தனி உறையிலிட்டு உடுப்பில் மாட்டிக்கொள்வது இன்னும் மேல். இந்தியக் கடலோரக் காவல்படையின் எண் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093. இரண்டையும் பதிந்துவைத்து, கிளம்பும் நேரத்தையும் திரும்பும் நேரத்தையும் கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டு இறங்குங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலில் இருக்கமாட்டா. கூப்பிட்டால் வரும் படகுகள் அந்த நாட்களில் குறைவு.

போகக் கூடாத இடங்கள்

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றியுள்ள கடலும் 1986-இல் கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. குருசடைத் தீவு குந்துகாலிலிருந்து எட்டிப்பிடிக்கும் தூரத்தில் தெரிந்தாலும், வனத்துறையின் அனுமதியின்றி அங்கே படகை விடக் கூடாது. தனுஷ்கோடி அரிச்சல்முனையில் இரண்டு கடல்களின் நீரோட்டமும் மோதுவதால் அது படகு இறக்கும் இடமே அல்ல. அதற்கு அப்பால் இலங்கையுடனான கடல் எல்லையும் இருக்கிறது, காற்று உங்களை எல்லைக்குத் தள்ளியது என்ற விளக்கத்தை ரோந்துக் கப்பலில் நின்று சொல்ல வேண்டிவரும். மண்டபத்தை ஒட்டிய வடகடலில் மூங்கில் மிதவைகளில் பாசி வளர்க்கிறார்கள். அது பலருடைய பிழைப்பு. துடுப்பு பட்டால் கயிறு அறும். வலையின் மிதவைகளைக் கண்டாலும் சுற்றிப் போங்கள், மேலே ஏறிப் போகாதீர்கள்.

திரும்பி வந்த பிறகு

உப்பு காய்வதற்கு முன் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். தண்ணீர் குறைவாக இருந்தால் படகை விட்டுவிடலாம், பக்கிள்களையும் துடுப்பின் இணைப்பையும் விடக் கூடாது. துடுப்பைப் பிரித்தே வையுங்கள். சேர்த்து வைத்த அலுமினியத் துடுப்பை ஒரு மாதம் கழித்துப் பிரிக்க இருவர் தேவைப்படும். மிதவை உடுப்பை நிழலில் உலர்த்துங்கள். படகை ஓலைக் கொட்டகையில் ஒருக்களித்து வைத்து, இரண்டு இடங்களில் அகன்ற நாடாவில் தாங்கலாகத் தொங்கவிட்டால் அடிப்பாகம் குழியாது.

வாரை ஒவ்வொரு முறையும் விரலிடுக்கில் விட்டு முழு நீளமும் உருவிப் பாருங்கள். நிறம் வெளுத்து, தொட்டால் விரலில் மாவுபோல ஒட்டினாலும், ஓரத்தில் நூல் பிசிறினாலும், அந்த வார் அடுத்த பயணத்துக்கு ஆகாது. தூக்கிப் போட்டால் யாராவது எடுத்து மீண்டும் கட்டுவார்கள் என்பதால், கழிக்கும் வாரை நான் முழ நீளத்துக்கு வெட்டிவிடுவேன். எங்கள் படகு கிடக்கும் கொட்டகையில் பனையோலை வரிச்சுகளை இப்போது பிடித்துக்கொண்டிருப்பவை அந்தத் துண்டுகள்தான்.